13,900 கிலோ மீட்டர்: பையன் எப்போது வந்து சேருவான்?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும், அக்கம்பக்கத்தினர் சந்தேகம் கேட்க வந்துவிடுவார்கள். ரயில் டிக்கெட், தேர்வு முடிவு, மின் கட்டணம் என்று பழகிய கேள்விகளுக்கு நாமும் பதில் சொல்லிவிடுவோம். நான் சாப்ட்வேர் என்ஜினியர் என்பதால், மறைமலை நகரில் எங்கள் தெருவில் எனக்கு இந்த வேலை கொஞ்சம் அதிகம். அப்படி வந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன தவறான பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. அதே தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சில வருடங்களுக்கு முன், டிசம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் காலமானார். இங்குள்ள தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஒரே பையன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் வேலை. போனில் செய்தி சொல்லியாகிவிட்டது. "உடனே கிளம்புகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். டிக்கெட் இன்னும் கிடைக்கவில்லை.

வாசலில் நாற்காலிகள் போட ஆரம்பித்திருந்தார்கள். பெரியவரின் தம்பி என்னிடம் வந்தார். "தம்பி, பையன் எப்போ வந்து சேருவான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் எல்லாருக்கும் நேரம் சொல்லணும்" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். மேப்பில் தூரம் பார்த்தேன். சென்னை முதல் சான் பிரான்சிஸ்கோ வரை சுமார் 13,900 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். அங்கே அப்போது திங்கட்கிழமை மாலை. அன்று இரவு 9 மணிக்கு விமானம் ஏறினால் நமக்கு செவ்வாய் காலை 10.30. அதோடு பதினைந்தரையைக் கூட்டினால் புதன் அதிகாலை 2 மணி. நேர வித்தியாசத்தைக்கூட மறக்காமல் சேர்த்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி.

புதன் காலை 10 மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. பிரீசர் பாக்ஸுக்கு ஒரு நாள் வாடகை பேசினார்கள். தென்காசியில் இருந்த உறவினர்களுக்குப் போன் போயிற்று.

பகல் 1 மணிக்குப் பையனின் டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தது. செவ்வாய் காலை 7 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் புறப்பாடு. நியூயார்க், தோகா வழியாக வியாழன் அதிகாலை 1.30-க்குச் சென்னை. நான் சொன்ன நேரத்துக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு நாள் வித்தியாசம்!

எல்லோருக்கும் மறுபடி போன் செய்தோம். தென்காசிக்காரர்கள் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் புதன்கிழமை வரைக்கும்தான் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புதன் இரவே திரும்பினார்கள். கொள்ளி வைக்கும்போது அவர்கள் இல்லை. பெரியவரின் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு நாள் கூட இருந்துட்டுப் போறார், விடுங்க தம்பி" என்றார் அந்த அம்மா.

கம்ப்யூட்டர் அன்று எந்தத் தவறும் செய்யவில்லை. அது காட்டிய தூரம் சரி. தூரத்தை வைத்துக்கொண்டு நான் நேரம் சொன்னதுதான் தவறு.

மறைமலை நகரிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 26 கி.மீ. மின்சார ரயில் ஏறி திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். அதே 26 கி.மீ. தூரத்தைப் பொங்கல் லீவு முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் காரில் கடந்தவரிடம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள்! வானத்திலும் கதை இதுதான். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

தூரத்தை அளப்பது எப்படி?

இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். ஒரு மெனு கிடைக்கும். அதில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மேப்பை நகர்த்தி, நீங்கள் போக வேண்டிய விமான நிலையத்தின் மேல் இடது பட்டனால் கிளிக் செய்யுங்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு கோடு வரும். தூரம் ஒரு சிறிய கட்டத்தில் தெரியும்.

அந்தக் கோடு நேராக இல்லாமல் வில் போல வளைந்திருப்பதைப் பார்த்து, ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம். பூமி உருண்டை; மேப் தட்டை. பள்ளிக்கூடத்து குளோப் ஒன்றை எடுத்து, சென்னை மேல் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோ மேல் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் செல்லும் பாதைதான் மிகக் குறுகிய பாதை. அது பசிபிக் கடலின் நடுவே போகாது. வடக்கே ஏறி, எவரெஸ்ட் பக்கமாகப் போய், திபெத், மங்கோலியா, சைபீரியா தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதையும் வைத்துக் கணக்கிட்டால், இந்தப் பாதையின் நீளம் சுமார் 13,916 கி.மீ. என்று வருகிறது.

எந்த விமானமும் இந்தக் கோட்டின் மேல் அச்சுப் பிசகாமல் பறப்பதில்லை. காற்று, மலை, போர் என்று பல காரணங்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பின், மேற்கு நாட்டு விமானங்கள் பலவற்றுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. இப்படி நடக்கும்போதெல்லாம் விமானங்கள் சுற்றிப் போகும். பயண நேரம் கூடும். மேப்பில் நீங்கள் அளக்கும் தூரம் இதற்கெல்லாம் மாறாது.

900-ஆல் வகுக்காதீர்கள்

மணிக்கு 900 கி.மீ. என்பது விமானம் உச்சியில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது எல்லாம் இதில் சேராது. காற்றும் ஒரு காரணம். சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற வேகமான காற்றோட்டம் உண்டு. கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே போகும் விமானத்தை எதிர்க்கும். அதனால்தான் ஒரே பாதையில் போவதற்கு ஒரு நேரமும் வருவதற்கு வேறு நேரமும் ஆகிறது.

நான் இப்போது பயன்படுத்தும் எளிய கணக்கு இது: தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னை - சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. கணக்குப்படி 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சென்னை - லண்டன் சுமார் 8,200 கி.மீ. கணக்குப்படி பத்தே முக்கால் மணி நேரம். இரண்டுமே நேரடி விமானங்களின் நேரத்துக்கு நெருக்கமாக வருகின்றன.

இன்னும் நீண்ட தூரத்துக்கு நம் பக்கத்து ஊரையே உதாரணமாகச் சொல்லலாம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவம் வழியாக வந்தார்கள். இரு நகரங்களுக்கும் இடையே நேரடித் தூரம் 13,993 கி.மீ. என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 18 மணி நேரம். அட்டவணையில் இருந்தது எவ்வளவு தெரியுமா? ஜனவரி 9 சனிக்கிழமை இரவு 8.30-க்குப் புறப்பாடு, ஜனவரி 11 திங்கள் அதிகாலை 3.45-க்கு வருகை. இது எத்தனை மணி நேரம் என்பதைக் கீழே எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நேரடி விமானம் இல்லையென்றால்?

என் கணக்கு சறுக்கிய முக்கியமான இடம் இதுதான். அந்தப் பையனுக்குக் கிடைத்த டிக்கெட்டில் மூன்று விமானங்கள். சான் பிரான்சிஸ்கோ - நியூயார்க் சுமார் 4,150 கி.மீ.; நியூயார்க் - தோகா சுமார் 10,780 கி.மீ.; தோகா - சென்னை சுமார் 3,290 கி.மீ. கூட்டினால் 18,200 கி.மீ.க்கு மேல். நான் அளந்த தூரத்தைவிட 4,300 கி.மீ. அதிகம். பறந்த நேரம் இருபத்திரண்டரை மணி. இரண்டு ஊர்களில் காத்திருந்தது ஆறரை மணி. ஆக 29 மணி நேரம். இதைத் தவிர, புறப்படுவதற்கு முன்பு டிக்கெட்டுக்காக அவர் காத்திருந்த ஓர் இரவு! அதை எந்த மேப்பும் காட்டாது.

கடிகாரம் செய்யும் குழப்பம்

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரத்தில். வந்து சேரும் நேரம் வந்து சேரும் ஊர்க் கடிகாரத்தில். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகக் கழித்தால் வரும் விடை தவறு. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிக்க வேண்டும். இதை யு.டி.சி. என்பார்கள். நம் இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இதை +5.5 என்று எழுதுவோம். தமிழர்கள் அதிகம் போய்வரும் சில இடங்களின் அளவுகள் இவை:

இலங்கை: +5.5 (2006 முதல் நம் நேரமே)
சிங்கப்பூர், மலேசியா: +8
துபாய்: +4
கத்தார்: +3
லண்டன்: குளிர்காலத்தில் 0, கோடையில் +1
நியூயார்க், டொரன்டோ: குளிர்காலத்தில் -5, கோடையில் -4
கலிபோர்னியா: குளிர்காலத்தில் -8, கோடையில் -7

கோடையில் ஏன் மாறுகிறது? அந்த நாடுகளில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. எனவே கலிபோர்னியாவுக்கும் நமக்கும் டிசம்பரில் பதின்மூன்றரை மணி வித்தியாசம், ஜூலையில் பன்னிரண்டரை. பயணத் தேதி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. விண்டோஸில் டேட் அண்ட் டைம் செட்டிங்கில் 'அடிஷனல் கிளாக்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. நம் நேரத்தோடு வேறு இரண்டு ஊர்களின் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். கோடை மாற்றத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

எக்ஸெல்லில் பயண நேரம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்தும் இதைச் செய்யலாம். புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

1. பி1 செல்லில் புறப்படும் தேதியையும் நேரத்தையும் கொடுங்கள். இடையே ஓர் இடைவெளி விடுங்கள். பி2 செல்லில் வந்து சேரும் தேதியும் நேரமும். இரவு 8.30 என்பதை 20:30 என்று 24 மணிக் கணக்கில் கொடுப்பது நல்லது.

2. பி3 செல்லில் புறப்படும் ஊரின் யு.டி.சி. அளவு, பி4 செல்லில் வந்து சேரும் ஊரின் அளவு. நம் ஊர் என்றால் 5.5, குளிர்காலக் கலிபோர்னியா என்றால் -8. மைனஸ் குறியை மறந்துவிடாதீர்கள்.

3. பி5 செல்லில் இந்த பார்முலாவைக் கொடுங்கள்:

=(பி2-பி4/24)-(பி1-பி3/24)

24-ஆல் ஏன் வகுக்கிறோம் என்றால், எக்ஸெல் ஒரு முழு நாளைத்தான் 1 என்று வைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் என்பது அதற்கு 24-இல் ஒரு பங்கு.

4. விடை ஏதோ ஒரு தசம எண்ணாகவோ தேதியாகவோ தெரியும். பயப்பட வேண்டாம். பி5 மேல் வைத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி 1 கீயை அழுத்துங்கள். வரும் விண்டோவில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'டைப்' கட்டத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி, அதற்குள் 'எச்' என்ற ஆங்கில எழுத்து, அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு கோலன், அடுத்து இரண்டு 'எம்' எழுத்துகள் என்று கொடுத்து ஓகே செய்யுங்கள்.

இப்போது மேலே சொன்ன 2021 ஜனவரி விமானத்தைப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 9, 20:30, ஜனவரி 11, 3:45, -8, 5.5. விடை 17:45. அதாவது பதினேழே முக்கால் மணி நேரம். நம் 18 மணி நேரக் கணக்கு கால் மணிதான் தள்ளி நிற்கிறது.

மூன்று எச்சரிக்கைகள்

சதுர அடைப்புக்குறியை விட்டுவிட்டால் எக்ஸெல் 24 மணி நேரத்துக்கு மேல் உள்ளதை எல்லாம் முழு நாளாக எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் காட்டும். எதிர் வீட்டுப் பையனின் டிக்கெட்டை நான் முதலில் சாதாரண டைம் பார்மட்டில் போட்டேன். 29 மணி நேரம் வர வேண்டிய இடத்தில் 5:00 என்று வந்தது. அமெரிக்காவிலிருந்து ஐந்து மணி நேரத்தில் சென்னை! விடை கேலிக்கூத்தாக இருந்ததால் பிடித்துவிட்டேன். 38 மணி நேரப் பயணம் என்றால் 14:00 என்று காட்டியிருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

அடுத்தது தேதி. 9/1 என்று கொடுத்தால் சில கம்ப்யூட்டர்கள் ஜனவரி 9 என்றும், அமெரிக்க செட்டிங் உள்ளவை செப்டம்பர் 1 என்றும் எடுத்துக்கொள்ளும். மாதத்தை எண்ணாகக் கொடுக்காமல், அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் கொடுங்கள். குழப்பம் வராது.

மூன்றாவது, விடைக்குப் பதிலாக ### என்று வந்தால் செல்லின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் விடை மைனஸில் போயிருக்கிறது. ஏதோ ஒரு தேதியோ யு.டி.சி. குறியோ தவறு.

'வியாழன் 1.30' என்றால் என்ன?

கடைசியாக, கம்ப்யூட்டருக்கு வெளியே நடக்கும் தவறு ஒன்று. வெளிநாட்டு விமானங்கள் பல சென்னையில் நள்ளிரவுக்குப் பிறகு இறங்குகின்றன. டிக்கெட்டில் 'வியாழன் 01.30' என்று இருந்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது புதன்கிழமை இரவு. வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், வந்தவர் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே இறங்கியிருப்பார். எனவே வீட்டில் சொல்லும்போது "புதன் ராத்திரி 11 மணிக்கு கார் கிளம்பணும்" என்று கார் கிளம்பும் நேரத்தைச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர இன்னும் நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயண நாளன்று பிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைக் கொடுத்தால், விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்க்கலாம். அந்தப் புதன் இரவு பெரியவரின் தம்பி என் பக்கத்தில் அமர்ந்து அரபிக் கடலின் மேல் நகர்ந்த சின்ன விமானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 1.30-க்கு அது சென்னையில் இறங்கியது. விடியற்காலையில் பையன் வீட்டு வாசலில் இறங்கினார். வியாழன் காலை 10 மணிக்கு எடுத்தோம்.

அந்த ஷீட்டைச் சேமித்து வைத்திருக்கிறேன். பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், லீவில் வரும் பிள்ளைகள் என்று தெருவில் பலருக்கு அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் யாராவது "எப்போ வருவாங்க?" என்று கேட்டால் நான் முதலில் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. "டிக்கெட் வந்துவிட்டதா?" என்று கேட்கிறேன். வரவில்லை என்றால், தூரம் மட்டும் சொல்கிறேன், நேரம் சொல்வதில்லை. நீங்களும் இன்றே ஒரு ஷீட் தயார் செய்து, பழைய டிக்கெட் ஒன்றைப் போட்டுச் சோதித்து வையுங்கள். அவசரத்தில் யாராவது வந்து கேட்கும்போது கை தடுமாறாமல் இருக்கும்.